கெட்ஜார் வளர்ந்தது நம் போன்களாலும்தான்

கெட்ஜார் என்று ஒரு கொம்பனி இருந்தது. இப்போது இருபது வயதில் இருக்கிறவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் பட்டன் போனோடு வளர்ந்து முப்பதைத் தாண்டிவிட்டவர்களிடம் சொல்லிப் பாருங்கள், "அட, கெட்ஜாரா!" என்று முகம் மலரும். பிளே ஸ்டோர் நம் கைக்கு வருவதற்கு முன்னால் கேம், மெசெஞ்சர், பிரவுசர், டிக்‌ஷனரி என்று எதுவானாலும் நாம் இறக்கிக்கொண்ட இடம் அதுதான். மொபைல் மென்பொருளின் கதையை யார் எழுதினாலும் 2008இல் ஆப்பிள் தன் கடையைத் திறந்த நாளில்தான் தொடங்குகிறார்கள், அதற்கு முன்னால் உலகத்தில் ஒருவரும் போனில் எதையும் இறக்கவே இல்லை என்பது மாதிரி. எனக்கு அது பொறுக்கவில்லை. அந்தக் கொம்பனி எப்படி வளர்ந்தது, எதனால் வளர்ந்தது, அதில் நம் ஊர் ஆட்களுக்கு என்ன பங்கு என்பதை ஒரு இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொடக்கம் 2004, லித்துவேனியா. மக்கள்தொகை 35 இலட்சம்கூட இல்லாத நாடு, ஆள் கணக்கில் இலங்கையைவிட எத்தனையோ மடங்கு சின்னது. இல்யா லாவுர்ஸ் என்பவர்தான் ஆரம்பித்தார். ஆரம்பத்தில் அது கடையே இல்லை. மொபைலுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் தாங்கள் எழுதியதை வெளியாட்களிடம் கொடுத்துச் சோதித்துப் பார்க்க ஒரு இடம், அவ்வளவுதான். இது ஏன் அவ்வளவு பெரிய தேவையாக இருந்தது என்பது அந்தக் கால போன்களைத் தெரிந்தவர்களுக்குத்தான் விளங்கும்.

ஒரு தடவை எழுதினால் எல்லா இடத்திலும் ஓடும் என்பது ஜாவா என்ற புரோகிராமிங் மொழியின் வாக்குறுதி. போனுக்கென்று, ஜாவாவை உருவாக்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஒரு சின்ன ஜாவாவைக் கொடுத்தது, ஜே2எம்இ என்று பெயர். எழுதிய மென்பொருள் 'ஜார்' என்று முடிகிற ஒரே கோப்பாக வரும், கெட்ஜார் என்ற பெயரில் இருக்கிற ஜார் அதுதான். ஆனால் நடைமுறையில் வாக்குறுதி ஒன்றாகவும் போன்கள் வேறாகவும் இருந்தன. ஒரு போனில் திரை 128க்கு 128, இன்னொன்றில் 128க்கு 160, அடுத்ததில் 176க்கு 208, கொஞ்சம் விலை கூடியதில் 240க்கு 320. திரைக்குக் கீழே இடமும் வலமும் இருக்கிற இரண்டு பட்டன்கள் இருக்கிறதே, அதை அமுக்கினால் நொக்கியா ஒரு எண்ணைக் கொடுக்கும், மோட்டரோலா வேறொரு எண், சீமென்ஸ் இன்னொன்று. பழைய நொக்கியா சிலதில் ஜார் கோப்பு 64 கிலோபைட்டைத் தாண்டினால் ஏறவே ஏறாது. ஒரு போனில் நன்றாக ஓடுகிற கேம் அடுத்த போனில் பாதித் திரைக்கு வெளியே போய் நிற்கும். இதையெல்லாம் சோதிப்பதற்கு நூற்றுக்கணக்கான போன்களை வாங்கி மேசையில் அடுக்க வேண்டும், அந்தக் காசு எந்தச் சின்ன டெவலப்பரிடம் இருக்கும்? அதற்குப் பதிலாக, உலகம் முழுக்க வேறு வேறு போன் வைத்திருக்கிற ஆட்களிடம் இலவசமாகக் கொடுத்து, ஓடுகிறதா இல்லையா என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். கெட்ஜாரின் முதல் யோசனை இதுதான்.

சோதிக்க வந்த ஆட்கள் சோதித்துவிட்டுப் போய்விடவில்லை. இலவசமாக மென்பொருள் கிடைக்கிற இடம் என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்ல, கூட்டம் கூடியது. சோதனைச்சாலை கடையானது. இப்படித் தானாகவே வந்து சேர்ந்த கூட்டத்தைத் துரத்தாமல், அவர்களையே மையமாக வைத்துக் கொம்பனியைத் திருப்பிக்கொண்டதுதான் லாவுர்ஸின் கெட்டித்தனம் என்பேன்.

அந்தக் காலத்தில் போனுக்கு ஒரு கேமோ ரிங்டோனோ விற்க வேண்டும் என்றால் ஒரே வாசல்தான் இருந்தது, டெலிகொம் கொம்பனியின் வாசல். அவர்களுடைய வாப் பக்கத்தில், அதாவது அந்தக் கால போன் இணையப் பக்கத்தில், இடம் கிடைத்தால் பிழைத்தீர்கள், இல்லையென்றால் உங்களை யாருக்கும் தெரியாது. ஜப்பானில் 1999இல் டொகோமோ தொடங்கிய ஐ-மோட் என்ற போன் இணையச் சேவை மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி, உள்ளடக்கம் கொடுப்பவரிடம் 9 வீதம்தான் எடுத்தது, அதனால் அங்கே ஆயிரக்கணக்கில் சேவைகள் முளைத்தன. மற்ற நாடுகளில் பெரும் பங்கு டெலிகொம்முக்கே போனது. இன்னொரு வகை யாவாரம் சந்தா. பெர்லினில் 2000இல் தொடங்கிய ஜம்பா என்ற ரிங்டோன் கொம்பனி அப்படித்தான் பெருத்தது. 2004இல் வெரிசைன் அதை 273 மில்லியன் டொலருக்கு வாங்கியது, அடுத்த வருடம் அது விற்ற கிரேஸி ஃபுரொக் தவளை டோன் உலகம் முழுக்கக் கத்தியது. ஒரு டோனுக்கு என்று மெசேஜ் அனுப்பிய பிள்ளைகள் வாராவாரம் காசு போகிற சந்தாவில் மாட்டிக்கொண்டதாக ஐரோப்பாவில் பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள்.

இந்தச் சந்தா நம்மையும் விடவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலில் வாங்கிய போனில் ரீலோட் போட்டால் அடுத்த நாளே காசு குறையும். என்ன ஏது என்று தெரியாது. ஏதோ ஒரு மெசேஜுக்கு 'ஓகே' அமுக்கியதில் தினமும் ராசிபலன் வரத் தொடங்கியிருந்தது, அதுவும் ஆங்கிலத்தில். அம்மாவுக்கு வாசிக்கவும் தெரியாது, நிறுத்தவும் தெரியாது. வாடிக்கையாளர் இலக்கத்துக்கு எடுத்தால் நீண்ட நேரம் பாட்டு ஓடியது. கொழுந்து பறித்துச் சம்பாதித்த காசு அப்படிப் போனதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அதனால்தான் கெட்ஜார் செய்தது பெரிய விஷயம் என்கிறேன். இறக்குகிறவரிடம் அது காசு கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் தங்கள் மென்பொருளைக் கொண்டுவந்து வைக்கலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம். பிறகு அது எப்படிப் பிழைத்தது? மேலே தெரிய வேண்டும் என்று நினைக்கிற டெவலப்பர் ஏலம் கேட்பது மாதிரி விலை கேட்க வேண்டும். என் மென்பொருளை ஒருவர் இறக்கினால் இவ்வளவு தருகிறேன் என்று சொல்கிறவருடைய பொருள் முன்வரிசைக்கு வரும். கூகுள் தேடலில் விளம்பரம் விற்கிற அதே வழியைப் போன் மென்பொருளுக்குக் கொண்டுவந்தார்கள். ஆப்பிள் 30 வீதம் எடுக்கத் தொடங்குவதற்கு முன்பே இந்த யாவாரம் சூடு பிடித்துவிட்டது.

இலவசம் என்பது நமக்கு எவ்வளவு பெரிய சொல் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 2009 கூட்டு ஒப்பந்தத்தில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் அடிப்படை 285 ரூபா, வரவுக் கொடுப்பனவு அது இது எல்லாம் சேர்த்து 405 ரூபா. அப்போது டொலர் சுமார் 115 ரூபா. ஐந்து டொலர் விலை போட்ட ஒரு கேமை வாங்குவதென்றால் ஒரு நாள் முழுக்க மலையில் நின்றாலும் காணாது. அதுவும் காசு கையில் இருந்தால் போதாது, கிரெடிட் காட் வேண்டும், லயத்தில், அதுதான் எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், யாரிடம் கிரெடிட் காட்? ஆப்பிளின் கடை நம்மைப் பொறுத்தவரையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது. கெட்ஜார் இந்தப் பக்கம் இருந்தது.

நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை ஹட்டன் டவுனில் ஒரு கொமினிகேஷனில் வேலைக்கு நின்றேன். போட்டோ கொப்பி, லமினேட்டிங், ரீலோட், ஐடிடி கோல், அப்புறம் மெமரி காட்டில் பாட்டு ஏற்றுவது. கடைசியாகச் சொன்னதில்தான் நல்ல வருமானம். பத்தாம் திகதி சம்பளம் போட்ட பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் கடை வாசலில் நிற்க இடம் இருக்காது, தீபாவளி அட்வான்ஸ் கொடுத்த கிழமை என்றால் கேட்கவே வேண்டாம், புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்கிற பையன்கள் லீவில் வரும்போது வாங்கி வந்த புதுப் போன்களோடு வந்து நிற்பார்கள். அந்தக் கடைக் கம்பியூட்டரில் போன் மொடல் வாரியாக ஃபோல்டர் போட்டு வைத்திருந்தோம். 2690க்கு ஒன்று, 2700 கிளாசிக்குக்கு ஒன்று, 5130 எக்ஸ்பிரஸ் மியூசிக்குக்கு ஒன்று, சைனா போன்களுக்கு என்று பொதுவாக ஒன்று. அந்த ஃபோல்டர்களில் இருந்த ஜார் கோப்புகளில் பெரும்பகுதி கெட்ஜாரிலிருந்து இறக்கியவை. தளத்தில் நம் போன் மொடலைத் தெரிவு செய்தால் அதற்குப் பொருந்துவதை மட்டும் காட்டும். இதுதான் எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது. வேறு தளங்களில் எதையாவது இறக்கிப் போட்டால் 'இன்வாலிட் ஃபைல்' என்று வந்து நிற்கும், வந்தவர் நம்மைப் பார்ப்பார், நாம் போனைப் பார்ப்போம்.

சில சாம்சங் போன்கள் இன்னும் பிடிவாதம். மெமரி காட்டில் ஜாரைப் போட்டாலும் திறக்காது, புளூடூத்தில் அனுப்பினாலும் ஏற்காது, போனிலிருந்தே நேராக இணையத்துக்குப் போய் இறக்கினால்தான் ஏறும். அதற்கும் கெட்ஜாரில் வழி இருந்தது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு இலக்கம் உண்டு. போனில் கெட்ஜாரின் மொபைல் பக்கத்தைத் திறந்து அந்த இலக்கத்தை மட்டும் அடித்தால் போதும். போன் தன்னை யாரென்று சொல்லிக்கொண்டுதான் தளத்துக்குப் போகிறது, அதனால் எந்த மொடல் என்பதைத் தளமே அறிந்து அதற்கான கோப்பைக் கொடுக்கும். நீளமான முகவரியை எண் பட்டனில் ஒவ்வொரு எழுத்தாக அமுக்கிச் சலித்த ஆட்களுக்குத்தான் அந்த இலக்கத்தின் அருமை தெரியும். கடையில் ஒரு அட்டையில் அடிக்கடி கேட்கிற மென்பொருள்களின் இலக்கங்களை எழுதி ஒட்டி வைத்திருந்தோம்.

ஒரு ஞாயிறு பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து வயதான ஒருவர் வந்தார். கூடவே ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மாதிரி ஒரு பிள்ளை. "தம்பி, மகன் கத்தார்ல இருக்கான். காசு போகாம எழுதி அனுப்புற மாதிரி ஏதோ ஒன்னு இருக்காம், அதப் போட்டுக் குடுங்க" என்றார். நிம்பஸ் மெசெஞ்சரைப் போட்டுக் கொடுத்தேன். இன்ஸ்டால் ஆகும்போதே இந்த எப்ளிகேஷன் நம்பகமானது இல்லை, தொடரவா என்று போன் கேட்டது. அவர் பயந்துவிட்டார். "வைரஸா தம்பி?" இல்லைங்க ஐயா, இதைச் செய்தவர்கள் கையொப்பம் வாங்கவில்லை, அவ்வளவுதான் என்றேன். உண்மையும் அதுதான். ஜே2எம்இ மென்பொருளுக்கு ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காசு கட்டி வாங்க வேண்டும், இலவசமாகக் கொடுக்கிற சின்ன ஆட்களால் அது முடியாது, வாங்காவிட்டால் நெட்டுக்குப் போகிறபோதெல்லாம் அனுமதிக்கவா, அனுமதிக்கவா என்று போன் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் பிள்ளை எல்லாக் கேள்விக்கும் 'யெஸ்' அமுக்கப் பழகிக்கொண்டது. வாசலிலேயே நின்று அண்ணனுக்கு முதல் மெசேஜை ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்தது. பதில் வந்ததும் அவர் போனை வாங்கி, வாசிக்கத் தெரியாவிட்டாலும் அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடையில் ஏற்றிக்கொடுத்தாலும் ஊருக்குப் போய் அதைப் பாவிக்க சிக்னல் வேண்டுமே. டயலொக் டெலிகொம் 1995இல் ஜிஎஸ்எம் தொடங்கியது, 2006இல் 3ஜியும் வந்துவிட்டது, ஆனால் அதெல்லாம் முதலில் கொழும்புக்குத்தான். எங்கள் டிவிஷனில் லயத்துக்குள் ஒரு கோடும் வராது. கோயிலுக்கு மேலே தேயிலை முடிகிற இடத்தில் ஒரு மேடு உண்டு, பையன்கள் எல்லாரும் சாயந்தரம் அங்கேதான். ஜிபிஆர்எஸ் என்ற அந்தக் கால மெதுவான இணையத்தில் 300 கிலோபைட் ஜார் இறங்குவதற்குள் பனி மூடிவிடும். இறங்கிக்கொண்டிருக்கும்போது யாராவது கோல் எடுத்தால் அந்த நேரத்துக்கு டேட்டா நின்றுவிடும், சில போன்களில் திரும்ப முதலிலிருந்து. அதனால் மேட்டுக்குப் போகும்போது, நான் வரும்வரை கோல் எடுக்காதே என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவோம். இப்படி ஒருவன் கஷ்டப்பட்டு இறக்கியது பிறகு புளூடூத்தில் லயம் முழுக்கப் போகும். கெட்ஜாரின் கணக்கில் அது ஒரு டவுன்லோட், பாவித்தவர்களோ பத்துப் பதினைந்து பேர். நம்மைப் போன்ற ஊர்களில் அந்தக் கொம்பனியின் உண்மையான வீச்சு அவர்களுடைய எண்ணிக்கையைவிடப் பெரிது என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம் ஒபரா மினி. இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். நோர்வேக் கொம்பனியான ஒபரா 2006 ஜனவரியில் உலகம் முழுக்க வெளியிட்ட பிரவுசர் அது. பக்கத்தை முதலில் அவர்களுடைய சேர்வரே வாங்கி, சுருக்கி, சின்னதாக்கிப் போனுக்கு அனுப்பும். கிலோபைட்டுக்குக் காசு போன காலத்தில் அது வரப்பிரசாதம். கெட்ஜாரில் அள்ளிக்கொண்டு போன மென்பொருள்களில் ஒன்று அது. ஆனால் தமிழர்களுக்கு அதில் இன்னொரு புதையல் ஒளிந்திருந்தது. நம் போன்களில் தமிழ் எழுத்துரு கிடையாது, தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் வரிசையாகக் கட்டம் கட்டமாக வரும். ஒபரா மினியில் முகவரி அடிக்கிற இடத்தில் ஒபரா, முக்காற்புள்ளி, கொன்ஃபிக் என்று அடித்தால் ஒரு இரகசியப் பக்கம் திறக்கும். கீழே போனால் சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டவா என்று ஒரு கேள்வி இருக்கும். அதை 'யெஸ்' ஆக்கிச் சேமித்துவிட்டு மறுபடி பக்கத்தைத் திறந்தால், கட்டங்கள் போய்த் தமிழ்! சேர்வரே எழுத்துகளைப் படமாக வரைந்து அனுப்பியது. டேட்டா கொஞ்சம் கூடத்தான் போகும், போகட்டுமே. இந்த ஒரு வழியை நான் எத்தனை பேருக்குச் செய்து கொடுத்தேன் என்று கணக்கே இல்லை. வீரகேசரியையும் தினக்குரலையும் போனில் முதன்முதலாக வாசித்தவர்களின் சந்தோஷத்தை நேரில் பார்த்திருக்கிறேன்.

சரி, கொம்பனிக்கு வருவோம். கெட்ஜார் லித்துவேனியாவில் நிற்கவில்லை, கலிபோர்னியாவின் சான் மட்டேயோவில் அலுவலகம் போட்டது. ஆக்செல் என்ற முதலீட்டுக் கொம்பனி காசு போட்டது. 2010 நடுப்பகுதியில் ஒரு பில்லியன் டவுன்லோடைத் தாண்டிவிட்டதாக அறிவித்தார்கள், ஆப்பிளுக்கு அடுத்த பெரிய கடை என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. அதே வருடம் ஒக்டோபரில் ரோவியோ தன் ஆங்ரி பேர்ட்ஸ் கேமை அன்ட்ரொய்டுக்குக் கொண்டுவந்தபோது முதலில் கொடுத்தது கூகுளின் சொந்தக் கடைக்கு அல்ல, கெட்ஜாருக்கு. வந்த கூட்டத்தில் கெட்ஜாரின் சேர்வர் படுத்துவிட்டது. முதல் நாளிலேயே பத்து இலட்சத்துக்கு மேல் டவுன்லோட். 2011 பெப்ரவரியில் டைகர் குளோபல் என்ற இன்னொரு முதலீட்டுக் கொம்பனி முன்னின்று 25 மில்லியன் டொலர் போட்டது, அதோடு மொத்த முதலீடு 42 மில்லியன். அதே வருடம் ஆப்பிள், 'ஆப் ஸ்டோர்' என்ற பெயரைப் பாவிக்காதே என்று வக்கீல் கடிதம் அனுப்பியது. நாங்கள் உங்களுக்கு முன்பே இந்தத் தொழிலில் இருக்கிறோம், மாற்ற மாட்டோம் என்று கெட்ஜார் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

அந்தக் காலத்தின் இன்னொரு செய்தி நம் நாட்டோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. 2011 ஜனவரியில் பேஸ்புக், ஸ்னாப்டு என்ற இஸ்ரேல் கொம்பனியோடு சேர்ந்து சாதாரண ஜாவா போன்களுக்கு ஒரு எப்பை வெளியிட்டது. 2,500க்கு மேற்பட்ட மொடல்களில் ஓடும் என்றார்கள். எந்தெந்த டெலிகொம்களோடு தொடங்கினார்கள் என்ற பட்டியலில் சிங்கப்பூரின் ஸ்டார்ஹப், சவூதியின் எஸ்டிசி போன்றவற்றோடு நம் டயலொக்கும் இருந்தது, முதல் 90 நாளுக்கு டேட்டா இலவசம். அந்த மூன்று மாதத்தில் எங்கள் பக்கம் பேஸ்புக் கணக்கு இல்லாத பையனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பேஸ்புக் பிறகு ஸ்னாப்டுவையே வாங்கிவிட்டது, ஜூலையில் அந்த எப் புதுப் பெயரில் கெட்ஜார் போன்ற கடைகளுக்கும் வந்தது. 2013இல் அதை மாதம் 100 மில்லியன் பேர் பாவித்தார்கள் என்று பேஸ்புக்கே சொன்னது. நூறு மில்லியன்! எல்லாம் பட்டன் போன்கள்.

இங்கேதான் எனக்குக் கெட்ஜார் மேல் மனத்தாங்கல். அன்ட்ரொய்டு போன் தன் வயிற்றுக்குள்ளேயே கடையோடு பிறக்கிறது. வெளிக்கடையிலிருந்து ஒன்றை ஏற்ற வேண்டும் என்றால் செட்டிங்ஸுக்குள் போய் ஒரு தடையை நீக்க வேண்டும், ஆபத்து என்று எச்சரிக்கையும் வரும். அந்தக் களத்தில் வெளிக்கடைக்கு என்ன வேலை? ஆனால் விளம்பரக் காசு முழுக்க ஸ்மார்ட்போன் பக்கம் ஓடியது, முதலீடு போட்டவர்களின் கண்ணும் அங்கேதான். கெட்ஜாரும் அந்தப் பக்கம் திரும்பியது. காசு கொடுத்து வாங்கும் அன்ட்ரொய்டு எப்களை இலவசமாகத் தருகிறோம் என்று கோல்ட் திட்டம், புள்ளி சேர்த்துப் பரிசு எடுக்கிற ரிவார்ட்ஸ் என்று என்னென்னவோ செய்து பார்த்தது. ஜாவாப் பக்கம் கவனிப்பாரற்றுப் போனது. 2012 ஜனவரியில் நொக்கியா தன் சீரிஸ் 40 ஜாவா போன்களின் விற்பனை 1.5 பில்லியனைத் தொட்டுவிட்டதாக அறிவித்தது. அதாவது ஜாவா போன் செத்துப்போகவில்லை, அதை வைத்திருந்தவர்களிடம் காசுதான் இல்லை. கெட்ஜாரின் ஒரு பில்லியனைக் கட்டிக்கொடுத்தவர்கள் அவர்கள். நைரோபியிலும் ஜகார்த்தாவிலும் ஹட்டனிலும் மேட்டில் ஏறி நின்று இறக்கியவர்கள். நாம் விட்டுப் போவதற்கு முன்னாலேயே அது நம்மை விட்டுப் போய்விட்டது.

யாவாரம் என்றால் அப்படித்தான் என்று நண்பன் ஒருவன் சொல்கிறான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தப் பில்லியன் போன்களுக்குத் தேவையானதைத் தேவையான மொழிகளில் கொடுத்து, டெலிகொம்களோடு நியாயமான பங்கு பேசி, கிரெடிட் காட் இல்லாதவர் ரீலோட்டிலேயே ஐந்து ரூபா பத்து ரூபா கட்டி வாங்குகிற வழியை ஒழுங்காகச் செய்திருந்தால் இன்னும் பல வருடம் உறுதியாக நின்றிருக்கும். ஆப்பிளும் கூகுளும் திரும்பிப் பார்க்காத இடம் அது. அங்கே ராஜாவாக இருந்தவர்கள், ராஜாக்கள் ஏற்கெனவே இருந்த இடத்துக்குப் போட்டிக்குப் போனார்கள். 2014இல் கோ லோஞ்சர் செய்கிற சீனாவின் சன்ஜி மொபைல் கெட்ஜாரை வாங்கியது. அதற்குப் பிறகு அந்தப் பெயரை எங்கள் பக்கம் யாரும் சொல்லிக் கேட்கவில்லை.

இன்னொரு வருத்தம், இது கெட்ஜார் மேல் இல்லை. அந்தக் கடையில் யாரும் எதையும் வைக்கலாம் என்று சொன்னேன் அல்லவா? அந்த யாரும் என்பதில் மலையகப் பிள்ளைகளும் அடக்கம். ஒரு சான்றிதழும் கேட்கவில்லை, ஒரு சதமும் கேட்கவில்லை. ஆனால் ஜாவா என்பது போனில் இருக்கிற ஒரு ஃபோல்டர் என்று மட்டுமே தெரிந்து வளர்ந்தோம், அது எழுதுகிற மொழி என்று சொல்லித்தர ஆள் இல்லை. தோட்டப் பாடசாலையில் கம்பியூட்டர் அறை என்று ஒன்று இருந்தால் அதற்குப் பூட்டு இருந்தது. கடைக்கு வந்து சேர்ந்த தமிழ் ஜார்களைக் கைவிட்டு எண்ணிவிடலாம். ஒரு திருக்குறள், ஒரு நாட்காட்டி, ஒரு பைபிள். போனில் எழுத்துரு இல்லாததால் ஒவ்வொரு எழுத்தையும் சின்னச் சின்னப் படமாக வெட்டி, அதை வரிசையாக ஒட்டித் தமிழாக்கியிருப்பார்கள். 'கொ' வருவதற்கு மூன்று படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும், 'கு'வுக்குத் தனிப்படம். இதையெல்லாம் 200 கிலோபைட்டுக்குள் அடக்கியிருந்தார்கள். யாரோ ராத்திரி ராத்திரியாக இருந்து செய்த வேலை, காசுக்காகச் செய்திருக்க முடியாது. இன்றைக்கு நான் மென்பொருள் எழுதித்தான் சாப்பிடுகிறேன், அந்த வேலையின் கஷ்டம் இப்போதுதான் எனக்கு முழுதாகத் தெரிகிறது.

அந்த ஜார்களைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். வீட்டு அலமாரியில் பழைய மெமரி காட் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஒரு கார்ட் ரீடரில் போட்டு ஜார் என்று முடிகிற கோப்புகள் இருக்கிறதா என்று பாருங்கள். அன்ட்ரொய்டில் ஜே2எம்இ லோடர் என்று ஒரு எப் இருக்கிறது, அதில் போட்டால் பெரும்பாலும் ஓடும், பட்டன்கள்கூடத் திரையில் வரும். தமிழில் ஏதாவது கிடைத்தால், திருக்குறளோ பஞ்சாங்கமோ பாட்டுப் புத்தகமோ எதுவானாலும், எனக்கு ஒரு வரி எழுதுங்கள். கோப்பின் பெயரோடு எந்தப் போனில் பாவித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது. ஹட்டன், கொட்டகலை, நுவரெலியா என்றால் நானே வந்து வாங்கிக்கொள்வேன்.